தூபம் கமழ்ந்த வெண்கலச் சிங்கம்

இஸ்லாமியக் கலை என்றவுடன் நம் உள்ளத்தில் தோன்றுவன பூங்கொடிகளும், கோணங்களின் பின்னலும், அழகிய அரபு எழுத்தணியுமே. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இது இயல்பே. தமிழகச் சிற்ப மரபில் எழுந்த அத்தூண்களில் பூவேலைப்பாடு உண்டு. கோயில் தூண்களில் பாய்ந்து நிற்கும் யாளியும் குதிரையும் இல்லை. ஆயினும், இடைக்கால முஸ்லிம் நாடுகளின் மாளிகைகளிலும் இல்லங்களிலும் வெண்கலத்தால் ஆன சிங்கங்களும் பறவைகளும் இருந்தன என்பது பலருக்கும் வியப்பளிக்கும் செய்தியாகும்.

கிழக்கு ஈரானையும் ஆப்கானிஸ்தானத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய பண்டைய குராசான், 11, 12ஆம் நூற்றாண்டுகளில் உலோகத் தொழிலுக்குப் பெயர் பெற்றிருந்தது. சிங்கம் போன்ற விலங்கின் வடிவில் சிறிய தூபக்கலங்களை அங்குள்ள கொல்லர்கள் வார்த்தனர். தலையைத் திறந்து உள்ளே தணலும் நறுமணப் பொருளும் இடுவர். உடலெங்கும் உள்ள துளைகளின் வழியே புகை பரவும். இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் உயரம் ஏறத்தாழ 85 சென்டிமீட்டர். செய்தவர் ஜஃபர் இப்னு முஹம்மத் இப்னு அலீ என்றும், ஆண்டு ஹிஜ்ரி 577 (கி.பி. 1181-82) என்றும் அதன் உடலிலேயே அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

மற்றொன்று ரஷ்யாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் உள்ள நீர்க்கலம், காலம் ஹிஜ்ரி 603 (கி.பி. 1206). பசு ஒன்று தன் கன்றுக்குப் பாலூட்டுகிறது; அதன் முதுகில் பாய்ந்த சிங்கமே கைப்பிடி. பசு, கன்று, சிங்கம் ஆகிய மூன்றும் ஒரே வார்ப்பில் உருவானவை என்று அதன் மீதுள்ள எழுத்து பெருமையுடன் கூறுகிறது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகி வெளியேறிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றும் அம்முறையைச் சுவாமிமலைச் சிற்பிகளும் நன்கறிவர்.

நம் கடற்கரைக்கும் அந்நாடுகளுக்கும் இடையே நெருங்கிய வணிகம் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் போன்ற துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் காயலுக்கு வந்ததைக் குறிப்பிடுகிறார். முத்து அங்கே சென்றது. குதிரை இங்கே வந்தது. வெண்கல விலங்கு வடிவங்களோ தக்காணத்தில் தழைத்தன. பாமினி சுல்தான்களின் ஆட்சி முடிவுற்ற காலத்தை ஒட்டி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ தக்காணத்தில் வார்க்கப்பட்ட மயில் வடிவத் தூபக்கலம் ஒன்று, மேற்கூறிய நியூயார்க் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது.

இவற்றைக் காட்டி, "உருவங்களை மார்க்கம் தடுக்கவே இல்லை" என்று வாதிடுவோர் உளர். "இவை முஸ்லிம்கள் செய்தவையே அல்ல" என்று மறுப்போரும் உளர். இரண்டும் நேர்மையன்று. உயிருள்ளவற்றின் முழு உருவத்தைச் சமைப்பதை ஆலிம்களில் பெரும்பாலோர் தடுத்தே வந்துள்ளனர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொங்கவிட்ட உருவத்திரையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததும், பின்னர் அத்துணி இல்லத்தில் தலையணைகளானதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. மன்னர்களும் செல்வந்தர்களும் விரும்பிச் செய்வித்தவை மார்க்கத்துக்குச் சான்றாகா. அவற்றை மறைப்பதும் வரலாறாகாது.

ஒன்றை மட்டும் உறுதியாகக் கூறலாம். அவை வணங்குவதற்காக வார்க்கப்பட்டவை அல்ல. புகையிடவும் நீர் ஊற்றவும் பயன்பட்ட வீட்டுப் பொருள்கள். நம் பள்ளிவாசல் தூண்களை விலங்குருவம் இன்றிச் செதுக்கச் செய்த முன்னோரும் அந்த எல்லையை அறிந்தே இருந்தனர். அருங்காட்சியகத்திலோ பாடநூலிலோ இச்சிங்கத்தைக் கண்டு நம் பிள்ளைகள் வினவுவார்களாயின், அஞ்சி மழுப்ப வேண்டியதில்லை. செய்தவர் முஸ்லிம் என்பதையும், மார்க்கம் வகுத்த வரம்பையும் ஒருங்கே எடுத்துரைப்போம். இரண்டையும் அறிந்த பிள்ளை எவருடைய வாதத்தாலும் தடுமாறாது.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.