கன்னத்துல 'பில்லர்' ஊசியா? காசு கட்டும் முன் இதை படிங்க!

முகூர்த்த சீசன் வந்தாலே அழகு நிலையங்களில் கூட்டம் அலைமோதும். மேக்கப், மெகந்தி, பேஷியல் என்று இருந்த கல்யாண பேக்கேஜில் இப்போது சில இடங்களில் 'பில்லர்' ஊசியையும் சேர்த்து விட்டார்கள். வீடு கட்டுற பில்லர் இல்லீங்க. ஒட்டிப்போன கன்னம், மெல்லிய உதடு, கண்ணுக்கு கீழே விழுந்த குழி இதையெல்லாம் ஜெல் ஏற்றி நிரப்பும் ஊசி.

ஊசியில் பெரும்பாலும் இருப்பது 'ஹைலுரானிக் ஆசிட்'. பேர்தான் ஆசிட். நம்ம தோலிலும் மூட்டிலும் இயற்கையாவே இருக்கிற பொருள்தான். போடாக்ஸ் வேறு, இது வேறு. போடாக்ஸ் தசையை தளர்த்தி சுருக்கத்தை குறைக்கும். பில்லர் பள்ளத்தை நிரப்பும்.

ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் நிற்காது. இடத்தையும் மருந்தையும் பொறுத்து சுமார் 6 மாதத்தில் இருந்து ஒன்றரை வருடம் வரைதான். 1 மில்லிக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. அது கரைஞ்சதும் மறுபடி அதே செலவு. 'நிரந்தரமா நிற்கும்' என்று சிலிக்கான் திரவத்தை ஏற்றும் ஆசாமிகளிடம் மாட்டிக்காதீங்க. முக அழகுக்கு சிலிக்கான் ஊசி போட அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதி கொடுக்கவே இல்லை. உள்ளே போனால் கரைக்க மருந்தும் கிடையாது.

வீக்கம், ரத்தக்கட்டு ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகி விடும். அதனால் தாலி கட்டுற வாரத்தில் போய் உட்காராதீங்க, ஒரு மாசம் முன்னாடியே முடிச்சிடணும். நிஜமான ஆபத்து வேறு. ஜெல் தவறி ரத்தக்குழாய்க்குள் போய் விட்டால் அடைப்பு ஏற்படும். தோல் வெளுத்து, நீலம் பாய்ந்து, அந்த இடமே அழுகலாம். மூக்கு, புருவ மத்தியில் உள்ள ரத்தக்குழாய்கள் கண்ணோடு தொடர்பு உள்ளவை. அங்கே அடைத்தால் பார்வையே போகலாம். போன பார்வை பெரும்பாலும் திரும்பாது. அபூர்வம்தான், ஆனாலும் நடந்திருக்கிறது.

இதற்கு மாற்று மருந்து 'ஹைலுரானிடேஸ்'. ஹைலுரானிக் ஜெல்லை கரைத்து விடும். ஊசி போடும் முன் "டாக்டர், அந்த மருந்து கையில இருக்கா?" என்று வாய் விட்டு கேளுங்க. இல்லை என்றால் எழுந்து வந்திடுங்க.

புருவம் எடுக்கும் நாற்காலியில் செய்ற வேலை இல்லை இது. தோல் நோய் டாக்டர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன்தான் போடணும். மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணை கேட்பதில் தப்பே இல்லை. ஊசி இல்லாமல் அழுத்தி ஏற்றும் 'பேனா' வேண்டவே வேண்டாம், 2021-லேயே அமெரிக்காவில் எச்சரித்து விட்டார்கள். சீல் உடைக்காத பெட்டியை உங்கள் கண் முன்னே பிரிக்க சொல்லுங்க. அதில் உள்ள ஸ்டிக்கரையும் பில்லையும் வாங்கி பத்திரமா வையுங்க.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் தள்ளிப்போடுவது நல்லது. முகத்தில் சீழ் பிடித்த பரு, புண் இருந்தால் ஆறும் வரை பொறுங்க. ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரிடம் மறைக்கக்கூடாது, தானாக நிறுத்தவும் கூடாது.

தனியாரில் கேட்க தயக்கமா? அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி தோல் நோய் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டு ஆலோசனை கேட்கலாம்.

ஊசி போட்ட பிறகு கடும் வலி, தோல் வெளுப்பு, பார்வை மங்கல் இருந்தால் "காலையில பார்த்துக்கலாம்"னு படுத்திடாதீங்க. ராத்திரியானாலும் உடனே டாக்டரிடம் ஓடணும். பார்வை மங்கினால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.