கொம்பு முன்னாலா, பின்னாலா? மதுரைத் திட்டமும் நம் எழுத்துக் குறியீடும்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1998 பொங்கலன்று நம் ஊர்ப் பெயரிலேயே இன்னொரு வேலை தொடங்கியது. தொடங்கிய முனைவர் கல்யாணசுந்தரம் இருந்ததோ சுவிட்சர்லாந்தில்! பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாக வைக்கும் 'மதுரைத் திட்டம்' அது.

முதல் நூல்கள் இணைமதி, மயிலை போன்ற எழுத்துருக்களில் வந்தன. மயிலை அவரே உருவாக்கியது. அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் திருக்குறளும் கிறுக்கல்தான். ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்த காலம் அது. பிறகு தமிழார்வலர்கள் கூடிப் பேசி 'திஸ்கி' குறியீட்டை உருவாக்கினார்கள். 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டை அறிவித்தது. ஒரே மொழிக்கு இத்தனை குறியீடுகள் தேவையா என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களுக்கு இது எளிதில் புரியும். 'கொ' அடிக்க முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். அச்சுக் கோப்பவர் கையும் அதே வரிசையில்தான் போகும். திஸ்கியும் அப்படியே, கண்ணில் படும் வரிசையில் எழுத்தைச் சேமித்தது. 1991-ல் வந்த யூனிகோடு, அதாவது ஒருங்குறி, உச்சரிப்பு வரிசையைப் பிடித்தது: முதலில் க, பிறகு 'ஒ' குறி. ஆகவே பழைய கோப்பை மாற்றும்போது எண்ணுக்கு எண் போட்டால் போதாது, கொம்பைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும்.

ஔகாரம் இன்னும் தொல்லை. பௌர்ணமியின் 'பௌ'வில் உள்ள கடைசிக் குறியும் 'ள'வும் பார்க்க ஒன்றே. பலர் 'ள'வையே அடித்துவிட்டார்கள். கொம்புக்குப் பின் வரும் 'ள'வையெல்லாம் ஔகாரமாக்கு என்று நிரலுக்குச் சொன்னால், 'தெளிவு' என்ற சொல்லே தெளிவில்லாமல் போய்விடும். இதற்கு மனிதக் கண்தான் வேண்டும்.

மதுரைத் திட்டமும் ஒருங்குறிக்கு மாறியது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியை ஏற்றது, டேஸ்16 என்பதை மாற்றாக வைத்துக்கொண்டு. அத்தோடு சிக்கல் தீர்ந்ததா? இல்லை.

சென்ற மாதம் ஒரு மாணவர் ஆடி வீதி முதல் மாசி வீதி வரை மதுரையை எஸ்விஜி படமாக வரைந்திருந்தார். எஸ்விஜி என்பது கோட்டையும் வட்டத்தையும் எழுத்தாலேயே எழுதி வைக்கும் படம். 2001 முதல் இணையத் தரம். தரவிலிருந்து நிரல் வழியாக மாற்றிப் பிரவுசரில் திறந்தால், தெருப் பெயர்களுக்குப் பதில், தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' அடையாளமும் வரிசையாக நின்றன. "அழிஞ்சு போச்சா சார்?" என்றார்.

அழியவில்லை. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அதைப் பழைய மேற்கத்திய அட்டவணையில் வைத்துப் படித்தால்தான் அந்தச் சாய்கோட்டு 'ஏ' திரும்பத் திரும்ப வரும். கேள்விக்குறி வந்திருந்தால் எழுத்து போயே போயிற்று. கட்டம் வந்தால் எழுத்துரு மட்டும் இல்லை. அவர் நிரலில் கோப்பைப் படிக்கும் இடத்திலும் எழுதும் இடத்திலும் யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டார், சரியாயிற்று. கோப்பின் தலையில் உள்ள பெயரை மட்டும் மாற்றுவது டப்பாவின் மேல் சீட்டை மாற்றி ஒட்டுவதுதான்.

அடுத்து, 'மாசி வீதி' இரண்டு வரியாகப் பிரியாதிருக்க எச்டிஎம்எல் பழக்கத்தில் அவர் போட்ட 'என்பிஎஸ்பி' படத்தையே திறக்கவிடவில்லை. எஸ்விஜியின் அடிப்படையான எக்ஸ்எம்எல்லுக்கு இப்படிப்பட்ட பெயர்களில் ஐந்துதான் தெரியும், இது அதில் இல்லை. 160 என்ற எண்ணாகக் கொடுத்ததும் திறந்தது. எழுத்துகளை வெறும் கோடுகளாக மாற்றிவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். வேண்டாம் என்றேன். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மாசி வீதி என்று தேடினால் கிடைக்காது.

பழைய ஆண்டு மலர், குடும்ப வரலாறு, தாத்தா பாட்டி சொன்ன கதை என்று 1995 முதல் 2005 வரை தட்டச்சு செய்தவை எவர் வீட்டுப் பிளாப்பியிலாவது குறுந்தகட்டிலாவது இருந்தால் எடுத்து வையுங்கள். கூடவே அந்தக் கணினியில் இருந்த எழுத்துருக் கோப்பையும் தேடி எடுங்கள். அது இருந்தால்தான் எந்த எண் எந்த எழுத்து என்று கண்டுபிடிக்க முடியும். எனக்கு அனுப்பினால், கொம்பைப் பின்னால் தூக்கி வைக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.