‘எக்ஸோசிஸ்ற்’ திரைப்படத்தின் முடிவு: ஒரு வரலாற்று நோக்கு

1973 டிசெம்பர் 26ஆந் திகதி ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த ‘த எக்ஸோசிஸ்ற்’ திரைப்படத்தின் முடிவு அன்று தொட்டே விவாதத்துக்குரியதாய் இருந்து வந்துள்ளது. பேய் பிடித்த றீகன் என்னுஞ் சிறுமிக்குப் பேயோட்டும் முதிய குருவானவர் மெறின், சடங்கு முற்றுப்பெறுமுன்னரே இறக்கின்றார். இளைய குருவானவராகிய கராஸ், பேயைத் தம்முள் வருமாறு அறைகூவி, அது புகுந்ததும் யன்னல் வழியே பாய்ந்து, வெளியேயுள்ள செங்குத்தான படிகளில் உருண்டு மடிகின்றார். சிறுமி பிழைக்கின்றாள்.

பேயே வென்றதெனப் பார்வையாளர் சிலர் கொண்டனர். நாவலையும் (1971) திரைக்கதையையும் எழுதிய வில்லியம் பீற்றர் பிளாற்றி இதனை மறுத்தார். கராஸின் செயல் அன்பின் வெற்றி என்பதே அவர் நிலைப்பாடு. நெறியாளர் வில்லியம் பிரீட்கின் முன்னர் நீக்கியிருந்த இறுதிக் காட்சி 2000ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்க்கப்பட்டது. கராஸின் நண்பரான குருவானவரும் பொலிஸ் அதிகாரியும் உரையாடிச் செல்லும் அக்காட்சி பார்வையாளருக்கு ஆறுதலளிப்பதாகும்.

ஆயின், வென்றவர் யார் என்ற வினாவுடன் நாம் நின்றுவிடின் முடிவின் வரலாற்றுப் பொருள் புலப்படாது. பிளாற்றிக்குத் தூண்டுதலாயமைந்தது 1949இல் மேரிலாந்துச் சிறுவனொருவனைப் பற்றி வந்த பத்திரிகைச் செய்தியாகும். அச்செய்தியின்படி சடங்கு பலித்தது; சிறுவன் விடுபட்டான். திரைப்படத்திலோ மருத்துவமுந் தோற்கின்றது, சடங்குந் தோற்கின்றது. வியட்நாம் போரும் 1972இல் வெளிப்படத் தொடங்கிய வோட்டர்கேற் ஊழலும் நிறுவனங்கள் மீதான நம்பிக்கையைச் சிதைத்திருந்த சூழலிலேயே இம்முடிவு திரைக்கு வந்தது. நிறுவனங்கள் தோற்றவிடத்துத் தனிமனிதரின் உயிர்த்தியாகமே தீர்வாகின்றது.

அத்தியாகத்தின் வேர் எங்குளது? கராஸ் கிரேக்கக் குடியேறிகளின் மகன். உளநோய் மருத்துவமும் கற்றவர். வறியவளான அவர் தாய் நியூ யோர்க்கிலே பொது வைத்தியசாலையின் மனநோயாளர் விடுதியில் வைக்கப்பட்டு, பின்னர் தனிமையில் இறக்கின்றாள். செல்வமிக்க நடிகையின் மகளுக்கு வைத்தியர் பலர் வாய்க்கின்றனர். அத்தாய்க்கு வாய்த்தது அவ்விடுதியே. இம்முரண்பாட்டைக் காட்டும் நேர்மை படத்திற்கு உண்டு. ஆனால், பேய் கராஸைத் தாக்குவது அத்தாயின் குரலைக் கொண்டே. இதனால், வறுமை விளைத்த துயரம் ஒரு மகனின் குற்றவுணர்வாகச் சுருங்கி, அவரது பாய்ச்சலோடு தீர்ந்துவிட்டதாகத் தோன்றுகின்றது.

பேய் அகல்கின்றது, அவ்விடுதியைப் பற்றிப் படம் மீண்டும் பேசவில்லை. சமூகத் துன்பத்தைத் தீயசக்தியின் செயலாக்கி, தனிமனிதரின் மரணத்தால் அதனைத் தீர்த்துவைப்பதே இம்முடிவின் கருத்துநிலை என நாம் கருதுகின்றோம்.