கைவானொலிக்குள் நீர் புகுந்த வழிகள்

வாக்கி டாக்கியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் போர்க்களத்திலிருந்தே தொடங்குகிறார்கள். நீரைத் தாங்கும் கருவியின் வேரைத் தேடினால் அதற்கும் முன்னே, கனடாவின் வடபகுதிக் காடுகளுக்குப் போக வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு சுரங்க நிறுவனத்தில் வேலை பார்த்த டொனால்ட் ஹிங்ஸ், 1937-இல் விமானிகளுக்காகக் கையோடு எடுத்துச் செல்லும் வானொலி ஒன்றைச் செய்தார். அவர்கள் ஓட்டியவை ஏரியில் இறங்கிப் புறப்படும் விமானங்கள். நட்ட நடுக்காட்டில் பழுதானால் கூப்பிட்ட குரலுக்கு ஆள் கிடையாது. எனவே கருவி நனையாமல் இருந்தாக வேண்டும். நீர்காப்பு பிற்காலத்து அலங்காரம் அல்ல, பிறவியிலேயே வந்தது என்று சொல்ல இதுவே எனக்குப் போதுமான சான்று.

போர் அதைப் பெருக்கியது. பின்னாளில் மோட்டோரோலா ஆன கால்வின் நிறுவனத்தின் எஸ்சிஆர்-536 கைவானொலி சுமார் 2.3 கிலோ எடை. தனியாக சுவிட்ச் கிடையாது. ஆன்டெனாவை இழுத்தால் உயிர் வரும், உள்ளே தள்ளினால் அடங்கும். ஆனாலும் 1944 ஜூன் 6 அன்று ஒமாஹா கடற்கரையில் இறங்கிய படைகளின் வானொலிகளில் ஏராளமானவை அலையில் நனைந்து ஊமையாயின.

பெட்டியை மூடுவது எளிது. மனிதன் தொடும் இடங்கள்தாம் தொல்லை: பேசும் பொத்தான், ஒலி திருகி, பேட்டரி மூடி, ஒலிபெருக்கி. இவற்றில் சிலவற்றுக்கு விடை முன்பே இருந்தது. நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1939-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ஓ-ரிங், பள்ளத்தில் நசுங்கி உட்காரும் ஒரு ரப்பர் வளையம்; வெளியழுத்தம் கூடக் கூட அது இன்னும் இறுகும்.

இறுக மூடியதும் வேறொரு சிக்கல் முளைத்தது. வெயிலில் காய்ந்த கருவியைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அப்போது கருவியே நீரை உறிஞ்சத் தொடங்கும். வளையத்தில் மயிரிழை இடைவெளி போதும். 1969-இல் பாப் கோர் நீட்டி உருவாக்கிய நுண்துளைப் படலம் இதற்கு வழி காட்டியது. காற்று அதனூடே போய்வரும், நீர்த்துளி நுழையாது. மழைச்சட்டைக்குப் பெயர்போன அதே பொருள்தான் மின்கருவிகளின் காற்றுத் துளைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த உறிஞ்சலுக்கு எதிரான காப்பைக் கப்பல் உலகம் விதியாகவே எழுதிவைத்தது. உயிர்காப்புப் படகுக்கான கைவானொலி 1 மீட்டர் ஆழத்தில் 5 நிமிடம் தாங்க வேண்டும். 45 டிகிரி திடீர் வெப்ப மாற்றத்தோடு மூழ்கினாலும் நீர் புகக் கூடாது. கையுறை போட்ட கையாலும் இயக்க வர வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1995-இல் வரையறுத்தது.

மலையேறிகளின் கைக்குக் கைவானொலி வந்தது வேறு வழியில். 1996-இல் அமெரிக்கா 0.5 வாட் குடும்ப வானொலிக்கு உரிமம் வேண்டாம் என்றது. இந்தியா 2018-இல் 446.0–446.2 மெகாஹெர்ட்ஸுக்கு அதே சலுகையைத் தந்தது. கடைச் சரக்கில் பெருமையோடு அச்சிடப்படுவது ஐபிஎக்ஸ்7 என்ற நீர்காப்புக் குறியீடு: 1 மீட்டர், 30 நிமிடம். கப்பல் விதியைவிட 6 மடங்கு நேரம்! வாங்குபவர் மயங்குவதில் வியப்பில்லை. ஆனால் அந்தச் சோதனையில் நீருக்கும் கருவிக்கும் வெப்ப வேறுபாடு 5 டிகிரியைத் தாண்டக் கூடாது. நண்பகல் வெயிலில் ரப்பர் படகின் விளிம்பில் கிடந்து, பனியுருகி வரும் ஆற்றில் நழுவி விழும் கருவியை அந்த எண் சோதித்ததே இல்லை.