தோட்டத்துத் தளமும் தண்ணீர்ப் பிரமாணமும்

சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு 1891-ஆம் ஆண்டில் இருப்புப் பாதை திறக்கப்பட்டதும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பிச் செடி நின்ற நிலங்களிலும் ரப்பர் பரவியதும், தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிமார் வழியாகப் பல்லாயிரம் குடும்பங்களை நெகிரி செம்பிலானின் குன்றுச் சரிவுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அவர்கள் குடியேறிய பழைய லயங்கள் என்னும் வரிசை வீடுகள் அத்தாப்பு ஓலைக் கூரையும் பலகைச் சுவருமாக நின்றன. 1953-இல் ராவாங்கில் சிமெண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கும்வரை, மலாயா பெரும்பாலும் கப்பலில் வந்திறங்கும் சிமெண்டையே நம்பியிருந்தது.

ஆகவே கான்கிரீட் தோட்டத்து மக்களுக்குப் புதிதாக இருந்திருக்கலாம்; ஆயினும் அதற்கு வேண்டிய, தண்ணீரை அளந்து சேர்க்கும் சாஸ்திரம் அவர்களுக்குப் புதிதன்று. மரத்திலிருந்து வடியும் பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரையே ரப்பர். ரப்பர் ஷீட் தயாரிக்க அந்தப் பாலில் தண்ணீர் சேர்த்து, ரப்பர் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதினைந்து பங்கு என்னும் அளவுக்கு இளக்கி, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியால் சோதித்த பிறகே உறையவைக்கும் அமிலம் சேர்ப்பார்கள்.

அவ்வாறு உறைந்த ரப்பரிலிருந்து வழியும் புளித்த நீர் நாள்தோறும் ரப்பர் ஆலையின் கான்கிரீட் தளத்தில் ஓடி, சிமெண்டின் சுண்ணாம்பைக் கரைத்துச் சல்லியை வெளிக்காட்டிவிடும். நுண்துளைகள் மலிந்த கான்கிரீட்டில் இச்சேதம் விரைந்து நிகழும். அத்துளைகளுக்கு மூலகாரணம் மிகுதியாக ஊற்றிய தண்ணீரே. சிகாகோவின் லூயிஸ் கழகத்தில் ஆராய்ந்த டஃப் ஏப்ரம்ஸ் 1918-இல் வெளியிட்ட விதியின்படி, நல்ல மணலும் சல்லியும் கொண்டு வேலைக்கு இசைவாகக் குழைத்த கலவையின் வலிமையை நிர்ணயிப்பது, தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே. சிமெண்டு இறுகுவதற்கு அதன் எடையில் சுமார் 0.4 பங்கு தண்ணீர் போதும். எஞ்சியது வெளியேறி, தான் இருந்த இடத்தை வெற்றிடமாக விட்டுச் செல்லும். 50 கிலோ சிமெண்டுக்கு 25 லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.5, கலவை எளிதாகப் பரவட்டும் என்று 35 லிட்டர் ஊற்றினாலோ அது 0.7 ஆகி, வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். மழை நனைத்த மணல் சுமந்துவரும் ஈரத்தையும் இக்கணக்கிலிருந்து கழித்தாக வேண்டும்.

ஆலைத் தளத்துக்கு மட்டுமன்று, வீட்டுத் தளத்துக்கும் இக்கணக்கு பொருந்தும். மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதித்த சட்டம் 1966-இல் இயற்றப்பட்டது. சட்டம் வீட்டின் தரத்தை விதிக்கலாம். அவ்வீட்டுத் தளத்தின் ஆயுளையோ கலவை போடும் இடத்தில் ஊற்றும் தண்ணீரே விதிக்கிறது. தோட்டத்துத் துரையின் ரப்பர் ஷீட்டுக்காகத் துளி பிசகாது அளந்த அதே கவனத்தை, அதற்காக உழைத்த குடும்பத்தின் தரைக்கும் சுவருக்கும் அளிப்பதே நியாயமான கட்டடக் கலையாகும்.