ஒசாகா: கோபுரமா, அகழியா?

ஜப்பானின் ஒசாகா கோட்டையைப் பார்த்தவர்களில் பலர் சொல்லும் குறை ஒன்று உண்டு: சுவர் கான்கிரீட், உள்ளே லிஃப்ட் ஓடுகிறது, இதுவா பழைய கோட்டை? வெளியே ஐந்து நிலைகளாகத் தெரியும் கோபுரம் உள்ளே எட்டு மாடி அருங்காட்சியகம்தான். நகர மக்களின் நன்கொடையில் 1931இல் எழுந்தது. ஆனாலும் போலி என்று தள்ளுமுன் கணக்குப் பார்க்க வேண்டும். டொயோடோமி ஹிதெயோஷி 1583இல் தொடங்கிய கோட்டை 1615இல் எரிந்தது. வென்ற டோக்குகாவா வம்சம் 1620களில் எழுப்பிய கோபுரம் 1665இல் இடி விழுந்து சாம்பலானது. பிறகு 266 ஆண்டுகள் அங்கே கோபுரமே கிடையாது. மரக்கோபுரங்கள் இரண்டின் ஆயுளைக் கூட்டினாலும் கான்கிரீட்டின் வயதுக்கு ஈடாகாது.

பழமைதான் வேண்டும் என்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதை விட்டு அகழிப் பக்கம் திரும்பலாம். கோட்டையின் தலையெழுத்தே அங்கேதான் மாறியது. 1614 குளிர்காலத்தில் டோக்குகாவா இயெயாசு பெரும்படையோடு முற்றுகையிட்டும் உள்ளே நுழைய முடியவில்லை. சமாதானம் பேசினார், கையோடு அகழிகளை மண்கொட்டித் தூர்க்கச் செய்தார். அடுத்த கோடையில் படை திரும்பி வந்தபோது, ஹிதெயோஷியின் மகன் ஹிதெயோரியின் வீரர்கள் வெளியே வந்து வெட்டவெளியில் மோத வேண்டியதாயிற்று. கோட்டை விழுந்தது, ஹிதெயோரியும் தாய் யோதோவும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள்.

இன்று நாம் காணும் அகழியும் ஹிதெயோஷியுடையது அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். அவருடைய கற்சுவர்கள் மண்ணுக்கடியில் புதைந்திருந்து 1959 ஆய்வில்தான் தெரியவந்தன. மேலே இருப்பதெல்லாம் டோக்குகாவா காலத்தவை. சிற்றரசர்களைச் செலவுக்கும் ஆளுக்கும் பொறுப்பாக்கிக் கட்டியவை. அவரவர் பங்குக்கு அடையாளமாகச் செதுக்கிய குறிகள் கற்களில் இன்றும் தெரிகின்றன. சகுரா வாசலுக்கு உள்ளே ‘ஆக்டோபஸ் கல்’ நிற்கிறது. முகப்பு ஏறத்தாழ 60 சதுர மீட்டர். கனமோ ஒரு மீட்டருக்கும் குறைவு. எதிரியைத் தடுக்க அத்தனை அகலமான ஒற்றைக் கல் தேவையில்லை. வருகிறவன் வாய்பிளக்க வேண்டும், அவ்வளவுதான். ஆக, அசல் கோட்டையிலும் பாதி காட்சிக்காகத்தான். அந்த வேலையைக் கான்கிரீட் கோபுரம் செய்வதில் என்ன குறை? 1997இல் ஜப்பான் அரசு அந்தக் கோபுரத்தையே பண்பாட்டுச் சொத்தாகப் பதிவுசெய்துவிட்டது.