திமிரியும் பாரியும்: நாயனம் தணிந்த கதை

கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம் கல்யாணம் என்றால் "நாயனத்துக்குச் சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நாகஸ்வரம் என்பதெல்லாம் பத்திரிகையில் அச்சடிக்கும் பெயர். (இத்தனைக்கும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கண்ட கல்யாணக் கனவில் மத்தளமும் சங்கும் உண்டு, நாயனம் இல்லை!)

இந்த நாயனத்துக்கு பீத்தோவனுடைய ஆர்கெஸ்ட்ராவில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. பெயர் கான்ட்ராபஸூன். சுமார் 16 அடிக் குழாயை மடித்து மடித்துச் செய்த வாத்தியம். 1808-ல் அரங்கேறிய ஐந்தாம் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் அடியில் உறுமுவது அதுதான். நாயனத்தைப் போலவே அதற்கும் இரட்டை நாக்குச் சீவாளி. இந்த வகை வாத்தியங்களில் ஆர்கெஸ்ட்ராவிலேயே மிகத் தாழ்ந்த சுருதி அதனுடையது. குழாய் நீண்டால் சுருதி இறங்கும். கணக்கு அவ்வளவுதான்.

அதே கணக்கை நம் ஊரிலும் ஒருவர் போட்டார்.

பழைய நாயனத்துக்குத் திமிரி என்று பெயர். குட்டையானது, சுருதி நாலு கட்டைக்கு மேல். சாமி புறப்பாட்டில் நாலு வீதிக்கும் கேட்க வேண்டும், மைக் கிடையாது. அதற்கு அந்தக் கீச்சுச் சத்தம்தான் சரி. ஆனால் ஒரு மண்டபத்துக்குள் உட்கார்ந்து, முன்வரிசை ரசிகருக்கு மூன்று மணி நேரம் ஆலாபனை வாசிக்க முடியுமா? காது என்னத்துக்கு ஆகும்!

திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) நினைத்தது இந்த மண்டபத்தைத்தான். கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் நாயனம் செய்துவந்த ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து நீளமான பாரி நாயனத்தை உருவாக்கினார். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. பாட்டுக்காரர்களின் குரலுக்கு அருகே வந்துவிட்டது. திமிரியில் பிடிகொடுக்காமல் படுத்திய சுத்த மத்யமமும் சரியாகப் பேசியது. அவருடைய தோடிக்கு ஊரே மயங்கியதில் பாதிப் புண்ணியம் ஆசாரியின் உளிக்குச் சேர வேண்டும். ஏனோ அவரை யாரும் அதிகம் பேசுவதில்லை.

இது வெறும் சத்தத்தைக் குறைத்த விஷயம் இல்லை. அந்தக் காலத்தில் நாயனக்காரர் நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். பாடகர் மட்டும் மேடையில் உட்காரலாம். ராஜரத்தினம் கிராப்பு வைத்துக்கொண்டு, சட்டை போட்டுக்கொண்டு, தம்புராவோடு மேடையில் உட்கார்ந்தார். பாடகருக்குச் சமமாக உட்கார, பாடகரின் சுருதிக்கு இறங்க வேண்டியிருந்தது. சுருதி தாழ்ந்தது, ஆள் உயர்ந்தார்!

அவருடைய சிஷ்யர் நம் தெற்குச் சீமை காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு அவர் நாயனம் இழைந்ததைக் கேட்டவர்களுக்கு இந்தப் பொருத்தம் விளங்கும்.

நரசிங்கம்பேட்டை நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல நாயனத்துக்குப் பழைய ஆச்சா மரம் வேண்டும். புது மரம் வெடித்துவிடும் என்று, இடித்த வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடிப்பிடித்துக் கடைகிறார்கள். குறியீடு சரி, அந்த மரத்துக்கு எங்கே போவது?

லாபக் கணக்கு இதுவரை. நஷ்டக் கணக்கும் ஒன்று உண்டு. முன்பெல்லாம் நாயனக்காரர் பக்கத்தில் ஒத்துக்காரர் நிற்பார். விரல் துளை இல்லாத குழலில் ஒரே ஸ்வரத்தை மூச்சு விடாமல் ஊதிக்கொண்டே இருப்பார். முதலில் தம்புரா, அப்புறம் சுருதிப் பெட்டி என்று வந்ததும் செட்டில் ஒரு ஆள் சம்பளம் மிச்சம். இப்போது பல கோயில்களில் சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் தானே அடிக்கிற மின்சார மேளம் வந்துவிட்டது. அதில் நாயனமே கிடையாது.